பதினெட்டு மீட்டர் தள்ளி ஒரு லாக்கப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, திருவொற்றியூர் பக்கம் ஒரு காவல் நிலையத்தின் வாசல் பெஞ்சில் நடந்தது இது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எனக்கு உதவிதான் செய்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது.

அந்த செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த டிசைன் வேலை, ஒரு காவல் நிலையம். கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது, கடைசிக் கோடுவரை கையால்தான் வரைய வேண்டும் என்பது டிசைன் வகுப்பு எடுக்கும் எங்கள் ஸ்டுடியோ சாரின் கண்டிப்பான உத்தரவு. இடத்தை மட்டும் நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் பாதிப் பேர் கடல் தெரிகிற இடமாகப் பார்த்து அடையாறு, பெசன்ட் நகர் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கமும் அதே கடல்தானே இருக்கிறது என்ற வீம்பில், எண்ணூர் போகும் சாலையை ஒட்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் ஒரு காலி மனையை எடுத்துக்கொண்டேன். வீடு தண்டையார்பேட்டை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உபரி வசதி.

எனக்கு ஒரு பழைய கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது. முந்தைய செமஸ்டர் டிசைனில் நான் அரியர். யோசனை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஜூரி அன்று என் ஷீட்டுகள் பாதிதான் முடிந்திருந்தன. ஜூரி என்றால் வெளியிலிருந்து வரும் கட்டடக்கலைஞர்கள் முன்னால் ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டி, நாம் வரைந்ததற்கு நாமே வாதாட வேண்டும். முடிக்காத ஷீட்டை ஒட்டிவிட்டு என்ன வாதாடினாலும் எடுபடாது. இந்த முறையும் தவறவிட்டால் நான்காம் ஆண்டுக்குப் போக முடியாது, ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் உட்காருகிற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் இந்தத் தடவை தலைகீழாக நின்றேன். கல்லூரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்கு நாலைந்து முறை போனேன். முதல் நாள் வாசலைத் தாண்டி இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எங்கள் ஏரியாவில் போலீஸ் ஸ்டேஷன் என்பது ஏதாவது ஆனால் மட்டும் போகிற இடம். அங்கே எழுத்து வேலைகளைப் பார்க்கும் ஏட்டு ஒருவர் இருந்தார். ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, அறை அறையாகக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அறை, வயர்லெஸ், ஆயுத அறை, கோப்பு அடுக்குகிற இடம், பெண் போலீஸ் உடை மாற்ற இடமில்லாமல் படுகிற பாடு எல்லாம் சொன்னார். லாக்கப் பக்கம் வந்தபோது மட்டும், “அத்த வுட்டுடும்மா, அதுல பாக்க இன்னா கீது” என்று திரும்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். லாக்கப்புக்கு என்ன அளவு என்பது புத்தகத்திலேயே இருந்தது.

ஜூரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது முக்கியமான ஷீட்டுகள் அத்தனையும் மை போட்டு முடித்திருந்தேன். வகுப்பிலேயே முதலில் முடித்தவள் நான்தான். என் பிளானில் முன்பக்கம் பொதுமக்கள், நடுவில் ஒரு புங்க மரத்தோடு முற்றம், பின்பக்கம் போலீஸ் அறைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் கடைசி மூலையில் லாக்கப். தப்பி ஓட முடியாது, வருகிறவர்கள் கண்ணிலும் படாது. ஸ்டுடியோ சார் அந்தப் பிளானைப் பார்த்து, “ரொம்ப சுத்தமா பிரிச்சிருக்கே” என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது எங்கள் காலேஜில் நடக்கிற காரியமே இல்லை. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை.

முடித்ததும் காட்டச் சொல்லியிருந்தார் ரைட்டர். மறுநாள் காலை பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் வாசலில் பாரா நின்றவர். துப்பாக்கியோடு காவல் நிற்பதைத்தான் பாரா என்பார்கள். சரி என்று வாசலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏற்கெனவே அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் கட்டுகிற சீருடைப் புடவை, மடியில் ஒரு சாப்பாட்டு டப்பா. வேலைக்குப் போகிற வழியில் அப்படியே இங்கே வந்துவிட்டது போல இருந்தாள். நான் மடி மேல் ஷீட்டை விரித்து, எங்காவது மை பிசிறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். நன்றாகத் தெரியட்டும் என்று ஷீட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன்.

“மேடம், இது ஸ்டேஷன் மேப்பா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது. எதிரே தெரிகிற ஸ்டேஷனின் வரைபடம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கையில் காகிதச் சுருளோடு வந்து, பாரா நின்றவரோடு பேசியவள் என்பதால் என்னையும் ஆபீஸ் ஆள் என்று முடிவு செய்துவிட்டாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

“எங்க அண்ணன காத்தால இட்டாந்துட்டாங்கோ. லாரி ஸ்டாண்டுல இன்னாவோ தகராறாம். இவுரு வெலக்கி வுடத்தான் போனாரு. இதுல அண்ணன் எங்க கீறாரு, காட்டுங்க மேடம்” என்றாள்.

பிளானைப் படித்துக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால் எங்களுக்குக் கேட்கவா வேண்டும்? நான் உற்சாகமாக விரலை வைத்து, இது வாசல், நாம் உட்கார்ந்திருப்பது போல ஒரு பெஞ்ச் இங்கே, இது முற்றம், இது மரம், இந்த வராந்தா, அப்புறம் ஒரு கதவு, இன்னொரு கதவு, இதோ லாக்கப் என்று கடைசி மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் விரலும் என் விரலுக்குப் பின்னாலேயே வந்தது. லாக்கப்பில் வந்து நின்றுவிட்டு, அங்கிருந்து மறுபடி பெஞ்சுக்கு வந்தது. இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தது.

“இம்மாந் தொலைவா? அங்கேந்து கத்துனா இங்க கேக்குமா?”

நான் தூரத்தைக் கணக்குப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குக் கணக்குதான் ஓடியது. பதினெட்டு மீட்டர், மூன்று சுவர். கேட்காது என்றேன். டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்போதுதான் அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. ஐயோ, இது இந்த ஸ்டேஷன் இல்லை, நான் காலேஜுக்காக வரைந்தது, இப்படி ஒரு கட்டடமே கிடையாது, உங்கள் அண்ணன் முன் அறையிலேயே கூட இருக்கலாம் என்று பதறியடித்துச் சொன்னேன்.

அவள் சமாதானமாவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. ‘மேடம்’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

“நீ வரஞ்சதா? அப்போ நீயா தான் எங்க அண்ணன அங்க கொண்டுபோய் போட்டே? யாரும் உன்ன போட சொல்லல? உங்க அண்ணன்னா போடுவியா?”

பாரா நின்றவர், “இன்னாமா சத்தம்” என்று குரல் கொடுத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ஷீட்டைச் சுருட்டினேன். என்ன பதில் சொல்வது? புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது என்றா? சார் பாராட்டினார் என்றா? எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் தாண்டி அவள் அண்ணன் வெளியே வந்தார். சட்டைப் பித்தான் ஒன்று பிய்ந்திருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. விசாரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவள் ஓடிப்போய் அவர் தோளில் நாலு அடி வைத்தாள். பிறகு அழுதாள். இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு நான் ஒன்றும் நல்லது செய்துவிடவும் இல்லை.

ரைட்டர் அதற்குப் பிறகுதான் வந்தார். நான் பிளானைக் காட்டவில்லை. இன்னும் முடியவில்லை சார் என்றேன். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் முடிவெடுத்துவிட்டேன், மாற்றப்போகிறேன் என்று.

ஸ்டுடியோ சாருக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். “வாயால சொல்லிக்கோ, அடுத்த கட்டமா இதை யோசிச்சிருக்கேன்னு. ஷீட்டைத் தொடாதே. போன தடவை எதுல போச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?” என்றார். அவர் சொன்னது நியாயம். லாக்கப் இடம் மாறினால் பிளான் மாறும், பிளான் மாறினால் கட்டடத்தை வெட்டிக் காட்டுகிற படம் மாறும், முகப்பு நான்கும் மாறும். மை போட்ட ஷீட்டில் ஒரு கோடு என்றால் பிளேடால் சுரண்டி எடுக்கலாம். கட்டடத்தையே சுரண்ட முடியாது. புதுத் தாளில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கையில் இருப்பது நாலு நாள்.

சரி சார் என்று போனை வைத்தேன். பிறகு ராயபுரம் போய்ப் புது ஷீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் பிடிவாதம் எங்கள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரே அறை. என் டிராயிங் போர்டைக் கிடத்தினால் கட்டில் போட முடியாது. அம்மா மறு பேச்சில்லாமல் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டார். மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டி மை கலையும். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு வரைந்தேன்.

நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. லாக்கப்பை முன்னால் கொண்டுவந்தேன். தேடி வருகிற வீட்டு ஆட்களுக்கு உள்ளே இருப்பவர் முகம் தெரிந்தது. ஆனால் புருஷன் மேல் புகார் கொடுக்க வருகிற பெண்ணும் அதே வாசலில்தானே வருவாள்? உள்ளே அவனே உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தால்? மறைத்தேன். மறைத்தால் பாரா நிற்பவருக்கும் தெரியவில்லை. ராத்திரியில் உள்ளே ஒருவன் ஏதாவது செய்துகொண்டால் யார் பார்ப்பது? அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய பட்டர் ஷீட்டை மேலே மேலே வைத்து வரைந்து வரைந்து கசக்கிப் போட்டேன். முதல் நாள் ராத்திரி முழுக்க இப்படியே போயிற்று. ஒரு கட்டத்தில் பழைய ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அச்சு மாதிரி இருந்தன. அதையே ஒட்டிவிட்டுப் பேசாமல் தேர்ச்சியாகிவிடலாமே என்று மனம் ஆடியது. அந்தப் பெண்ணின் விரல் என் தாளில் போய்ப் போய் வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. பழைய ஷீட்டுகளைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை வழி கிடைத்தது. மனைக்கு இரண்டு தெரு இருந்தது. புகார் கொடுக்க வருகிறவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் தனி வாசல், தனி அறை. வீட்டு ஆட்கள் உட்காரப் பெரிய தெருப் பக்கம் ஒரு வராந்தா. இரண்டுக்கும் நடுவில் பாரா நிற்கும் இடம். அதற்கு எதிரில் லாக்கப். ஒரே ஒரு சுவரைச் சாய்வாகத் திருப்பியதும், வராந்தாவில் இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர் முகம் தெரிந்தது, புகார் கொடுக்க வருகிறவர் உள்ளே இருப்பவர் கண்ணில் படவில்லை. பாரா நிற்பவருக்கு எல்லாமே தெரிந்தது. புங்க மரம் போய்விட்டது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று மதியம் அப்பா வீட்டுக்கு வந்தார். வண்டியை இன்னொரு டிரைவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தரையெல்லாம் தாள். சுவர் ஓரமாக ஒட்டிப் போய், நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் என் படிப்பைப் பற்றி அவரிடம் அதிகம் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை. அன்று தட்டோடு குனிந்து பார்த்து, “இது இன்னா ரூமும்மா?” என்றார். லாக்கப் என்றேன்.

“எதிர் செவுத்துல ஒரு கெடியாரம் மாட்டு. உள்ள கீறவன் கண்ணுல படணும்” என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

“செல்லு, வாட்ச்சு எல்லாம் வாங்கி வெச்சுப்பாங்கோ. அரை அவர் ஆச்சா, அரை நாளு ஆச்சா ஒண்ணும் தெரியாது. டைம்மு தெரிஞ்சா மனுசன் தாங்கிப்பான்.”

உனக்கு எப்படிப்பா தெரியும் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார். நான் ஐந்தாவது படிக்கும்போது, மணலி பக்கம் அவர் வண்டியில் சைக்கிள்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டு கால் முறிந்துவிட்டது. முதலாளி வரும்வரை ஒன்றரை நாள் உள்ளே வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, சாப்பாடு கொடுத்தார்கள், ஆனால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்றுதான் தெரியவில்லை என்றார். வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தது கூட வெளியே வந்த பிறகுதான் அவருக்குத் தெரியுமாம்.

எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அப்பா தூத்துக்குடி லோடு போயிருக்கிறார் என்று என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தூத்துக்குடி போய்விட்டு அந்த ஊர் இனிப்பான மக்ரூன் வாங்காமல் வந்தார் என்று நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதேன். “மை கலைஞ்சிடப் போவுது” என்று அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமோ பசியோ பெரிதாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த இரண்டு நாளும் வரைந்தேன். அப்பா வேலைக்குப் போகாத நேரத்தில் பென்சில் சீவிக் கொடுத்தார். அப்படியும் எல்லாவற்றையும் முடிக்க முடியவில்லை. பிளானும் வெட்டுப் படமும் மையில், இரண்டு முகப்பு பென்சிலில், மற்ற இரண்டு முகப்பு வெறும் அவுட்லைன். அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூரி அன்று ஸ்டுடியோ சார் என் ஷீட்டுகளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியிலிருந்து வந்திருந்த மூன்று பேரில் ஒரு அம்மையார், பிளான் கிட்டே வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முடிக்காத முகப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னார். பிறகு, லாக்கப்பை ஏன் இவ்வளவு முன்னால் கொண்டுவந்தாய் என்றார். பெஞ்சில் நடந்ததை அப்படியே சொன்னேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான். அவர் விரல் எதிர்ச் சுவரில் நான் வரைந்திருந்த சின்ன வட்டத்தில் நின்றது. கடிகாரமா என்றார். ஆமாம் என்றேன்.

“இது எந்தப் புத்தகத்துலயும் கிடையாதே. யார் சொன்னது?”

அந்த இடத்தைப் பயன்படுத்திய ஒருவர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எங்கள் படிப்பில் அதற்கு வசதியான வார்த்தைகள் நிறைய உண்டு. பின்னால் வகுப்பு முழுக்க நின்றுகொண்டிருந்தது. மூன்று வருடமாக நான் அவர்கள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் துறைமுகத்தில் என்று மட்டும் சொல்வேன்.

“எங்க அப்பா, மேடம். டிரெய்லர் ஓட்டுறார். ஒன்றரை நாள் உள்ளே இருந்திருக்கார்” என்றேன். தலையைக் குனியவில்லை.

அந்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார். தேர்ச்சியானேன். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் என்னுடையதுதான். முகப்பை முடித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று சார் ஒரு மாதம் புலம்பினார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பயந்துகொண்டே சொன்னேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று. அவரைக் கேட்காமல் சொன்னது என் தப்பு. அவர் முகம் சுருங்கியது. “அல்லார் முன்னாடியுமா?” என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, “கெடியாரத்த இன்னா சொன்னாங்கோ?” என்று கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டார்கள் என்றேன். “எழுதிக்கினாங்களா?” என்று மறுபடி கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனையில் தன் சக டிரைவரிடம், எம்பொண்ணு போலீஸ் ஸ்டேஷன் கட்டறா, அதுல கெடியாரம் என்னுது என்று அவர் சொன்னதை, அந்த டிரைவரின் மனைவி வந்து அம்மாவிடம் சொன்னார்.

இன்று ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எதை வரையச் சொன்னாலும், தன் விருப்பமில்லாமல் உள்ளே உட்காரப்போகிற ஒருவரையும், அவருக்காக வெளியே காத்திருக்கப்போகிற ஒருவரையும் முதலில் மனதில் உட்காரவைத்து, அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் என்னால் முதல் கோட்டைப் போட முடிகிறது.